முழுங்கிவிட்டுப் பேரைச் சொல்லு

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்த்ததில்லை. முதலில் கீழ் இமை, பிறகு நாக்கு. அதற்குப் பிறகும் நேரமிருந்தால் முகம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு விபூதி பூசப் போனவர், கட்டைவிரலால் அவன் இமையை இழுத்துப் பார்த்து, “ரத்தம் பத்தல, கீரை தின்னு” என்று சொல்லிவிட்டு இறங்கினார். பெண் வீட்டார் ஒரு வாரம் தூங்கவில்லை.

மலாய் நாட்டில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருஷம் டிரஸராக இருந்தவர். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து கைகழுவிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கட்டுப்போடுவது, ஊசி போடுவது, பிறந்ததையும் செத்ததையும் எழுதுவது எல்லாம் இவர்தான். எங்களுக்கு அவர் ஐயா. அவர் மனைவி அம்மா. பிள்ளைகள் இல்லை. தோட்டத்தில் இருந்த எண்ணூறு நாக்குகளும் அவர் பிள்ளைகள்தான்.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆளெடுப்பு முடிந்ததும் நாங்கள் வரிசையில் நிற்கவேண்டும். ஐயா தகரத் தட்டோடு வருவார். ஆளுக்கொரு கொய்னா மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். குளிர்காய்ச்சலுக்கு அதுதான் மருந்து. அதன் கசப்பு மத்தியானச் சோறு வரைக்கும் நாக்கிலேயே குடியிருக்கும். அதனால் பாதிப்பேர் அதை நாக்குக்கடியில் ஒதுக்கி, ஐயாவின் தலை திரும்பியதும் துப்பிவிடுவார்கள். அதற்கு ஐயா கண்டுபிடித்த வழி ஒரே வாக்கியம்.

“முழுங்கிட்டுப் பேரைச் சொல்லு.”

பேர் தெரியாமல் கேட்கவில்லை. வாயில் மாத்திரையை வைத்துக்கொண்டு யாராலும் பேரைச் சுத்தமாகச் சொல்ல முடியாது. சொல்லும்வரை அவரும் நகரமாட்டார். ஒருநாள் பெரிய கங்காணியே மாட்டிக்கொண்டார். கங்காணி மீசையோடு நிற்க, ஐயா தட்டோடு நிற்க, பின்னால் வரிசை முழுவதும் நிற்க, துரை வந்து என்ன தாமதம் என்று கேட்டார். “இவருக்குப் பேரு மறந்துபோச்சாம் துரை. ஞாபகம் வர்ற வரைக்கும் நிக்கறோம்” என்றார் ஐயா. கங்காணிக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

அவரை ஏமாற்றியவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை, ஆனால் பெருமையாகத்தான் வருகிறது. பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் கொய்னா மாத்திரை அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும். நாக்குக்கு வேலையே இல்லை. “சன்னாசி” என்று கோயில் மணிபோலச் சொல்வேன். ஐயா தலையசைத்து அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

இந்த வழி வருவதற்கு முன் மற்றவர்கள் துப்பினார்கள். நான் துப்பவில்லை. காரணம் பயம். ஐயா சில நாள் மண்ணைப் பார்த்துக்கொண்டே நடப்பார். யார் துப்பியது என்று எச்சிலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாரோ என்று எனக்கு நடுக்கம். ஆகவே மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய், வெயிலில் காயவைத்து, ஒரு சுருட்டு டின்னில் போட்டு, மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவைத்தேன். பயந்தவன் வீட்டில்தான் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

ஐயாவைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவின் காட்டைப் பற்றியும் சொல்லவேண்டும்.

துரைசானி ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மாவிடம் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள்: பகாங்கில் ஒரு பெரிய காட்டைச் சர்க்கார் அப்படியே விட்டுவைத்திருக்கிறதாம். அங்கே மரம் வெட்டக்கூடாது, மிருகத்தைச் சுடக்கூடாது. ரயிலேறிப் போய், படகேறிப் போய், சும்மா பார்த்துவிட்டு வரலாமாம். அந்தச் ‘சும்மா’ அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

“முப்பது வருசமா மரத்தப் பாத்தா எவ்வளவு பால் வரும்னுதான் பேசறாங்க” என்பார். “ஒண்ணுமே கேக்காம ஒரு மரத்த நின்னு பாக்கணும். இவருக்கு பென்சன் வரட்டும், போயிட்டு வந்துடறோம்.”

ஐயாவுக்கு ஓய்வு கிடைத்தது. பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் ஜித்ரா பக்கம் சண்டை போட்டு, சடக்குச் சாலை வழியே சைக்கிளில் இறங்கி வந்துவிட்டான். துரை தெற்கே ஓடினார். பால் மரங்களை யாரும் தொடவில்லை. தோட்டத்து மாட்டு வண்டி, யாரும் கேட்காததால், என்னுடையதாகிவிட்டது.

ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷத்தில் அம்மாவுக்கு இரண்டுமுறை குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டாவது தடவை எழுந்து உட்காரவே ஒரு மாதம் பிடித்தது. மருந்துக்கு எங்கும் வழியில்லை. அம்மாவுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய, இன்னும் ஒரு தடவைக் காய்ச்சலுக்கு ஆகிற கொய்னாவை ஐயா ஒரு சின்னப் புட்டியில் வைத்து, காக்கிக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். அது அம்மாவுக்கு. எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. தூக்கிலே போட்டாலும் கேட்கக்கூடாத பொருள் அது.

என் டின்னைப் பற்றி எனக்கு மட்டும் தெரியும். மருந்து பதுக்கினவன் தலையை ஜப்பான்காரன் சந்தை வாசலில் வைப்பான் என்று ஊரில் பேச்சு. எனக்கு என் தலைமேல் ஒரு பிரியம்.

இந்த நிலைமையில்தான் அம்மா சொன்னார்: “பகாங் வேணாங்க. இந்தக் குனோங் ஜெராய் மலை தெனமும் கண்ணு முன்னால நிக்குது. அடிவாரத்துல ரிசர்வ் காடு இருக்கு, அருவி இருக்கு. அதயாச்சும் பாத்துருவோம். இன்னொரு காய்ச்சல் வந்தா நான் எங்க பாக்கறது?”

ஐயா சுங்கை பட்டாணி ஆபீசுக்குப் போய் பாஸ் எழுதிவாங்கினார். பயணத்துக்குக் காரணம் என்ன என்ற இடத்தில், மூலிகை பறிக்க என்று எழுதலாம், செத்த வீடு என்று எழுதலாம். ஐயா எழுதியது: காடு பார்க்க.

அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். “ஐயா, இப்ப காட்டுல இருக்கறது யாருன்னு தெரியுமா? துப்பாக்கி வச்சிக்கிட்டு ஜப்பான்காரனச் சுடறவங்க. காடு பாக்கப் போறோம்னா அவங்களப் பாக்கப் போறோம்னு அர்த்தம்.”

“நாம மரம் பாக்கத்தான போறோம்?”

“ஆமாங்க.”

“அப்ப அதத்தான் எழுதணும்.”

நான் வண்டியோட்ட ஒப்புக்கொண்டது அன்பினால் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டில் அப்போது என் மனைவிக்கும் அவள் அக்காளுக்கும் சேர்த்து ஒரே சேலை. ஒருத்தி வெளியே போனால் மற்றவள் கோணியைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பாள். தஞ்சோங் டாவாய் மீன்காரர் ஒருவர், அரை மூட்டை அரிசி கொடுத்தால் இடுப்பில் கட்டிக்கொள்ள இரண்டு சாரோங் தருவதாகச் சொல்லியிருந்தார். பாஸில்லாமல் அரிசி கொண்டுபோவது குற்றம். பாஸோடு இரண்டு கிழங்கள் வண்டியில் உட்கார்ந்திருந்தால், வைக்கோலுக்கடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அப்படி ஒரு மகா யோசனை. அரிசியை வைக்கோலுக்கடியில் வைத்து, அதன்மேல் ஐயாவையும் அம்மாவையும் வைத்து, விடிந்ததும் கிளம்பினேன்.

செமலிங் தாண்டி ஒரு பாலம். அங்கே ஒரு ஜப்பான் சிப்பாயும் ஒரு மலாய் மாத்தாவும் காவல். மாத்தா என்றால் போலீஸ்காரர். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவரும் என்னைப்போலத்தான் நின்றுகொண்டிருந்தார். மூவரும் இறங்கிக் குனிந்தோம். நான் எல்லாரையும்விட ஆழமாகக் குனிந்தேன். இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தால் வண்டிக்கடியில் போயிருப்பேன்.

மாத்தா பாஸைப் படித்தார். திரும்பவும் படித்தார். “காடு பார்க்கவா?” என்று மலாயில் கேட்டார். “காட்டில் யாரைப் பார்க்க?”

“மரத்த” என்றார் அம்மா, தமிழிலேயே.

மாத்தாவுக்கு அது புரிந்ததோ என்னவோ, சிப்பாயிடம் கையை ஆட்டி ஏதோ விளக்கினார். சிப்பாய் வண்டியைப் பார்த்தான். துப்பாக்கி முனையில் கத்தி. அந்தக் கத்தியால் வைக்கோலைக் காட்டினான். கத்தி நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறான் என்று நினைத்தேன். என் மனைவி அந்த ஒரே சேலையோடு விதவையாகப்போகிறாள், அதிலும் பாதிநாள் அவள் அக்காளுக்கு என்றெல்லாம் நினைவு ஓடியது.

அப்போது ஐயா என் பக்கத்திலிருந்து நகர்ந்தார். நிதானமாக நடந்துபோய், சிப்பாயின் முன்னால் நின்று, கட்டைவிரலை நீட்டி, அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

அறை விழுந்தது. ஐயா மண்ணில் விழுந்தார். மூக்குக்கண்ணாடி ஒருபக்கம், தொப்பி ஒருபக்கம். மாத்தா “அல்லா” என்று முணுமுணுத்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மாடு என்னைப் பார்த்து வெட்கப்பட்டது.

ஐயா கண்ணாடியைத் தேடியெடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். “மஞ்சக் கட்டியிருக்கு” என்று அம்மாவிடம் சொன்னார். “கோவம் இல்ல, குளிரு. வந்துக்கிட்டிருக்கு. இன்னும் அரைமணி நேரத்துல படுத்துருவான்.”

நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அந்த வெயிலில் சிப்பாயின் பற்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இருபது வயதுகூட இருக்காது. அவன் பட்டாளத்தில் மருந்து இருந்திருக்கும். அந்தப் பாலத்துக்கு வந்து சேரவில்லை.

ஐயாவின் கை கோட்டின் உள்பைக்குப் போய் அங்கேயே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சிப்பாய்க்குப் பயப்படவில்லை.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். “என் மூஞ்சிய ஏன் பாக்கறீங்க? காய்ச்சல்காரன் முன்னால நிக்கறான். குடுங்க.”

ஐயா மாத்திரையை எடுத்து, முதலில் தன் நாக்கில் வைத்து நக்கிக் காட்டினார், விஷமில்லை என்று. மாத்தா, “சாக்கிட், ஊபாட்” என்று நோய், மருந்து இரண்டையும் சொல்லிச் சொல்லிக் கெஞ்சினார். சிப்பாய் வெகுநேரம் பார்த்தான். பிறகு வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீரும் குடித்தான்.

போகலாம் என்று கையை வீசினான். நான் ஒரே தாவில் வண்டியில் ஏறிவிட்டேன். ஐயா ஏறவில்லை.

“பேரைச் சொல்லு” என்றார்.

“ஐயா,” என்றேன் மெதுவாக, “கும்பிடறேன், வாங்க. இவன் நம்ம பெரட்டு ஆளு இல்ல.”

“முழுங்கல. கன்னத்தப் பாரு.”

“துப்பினா துப்பிட்டுப் போறான். நம்மளுக்கு என்ன?”

“அது அவளோட மாத்திரை” என்றார் ஐயா. “துப்பறதுக்காகவா குடுத்தேன்?”

சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். ஐயா தட்டில்லாத கையைத் தட்டுப் பிடித்ததுபோல் நீட்டிக்கொண்டு நின்றார். மாத்தா வெளிறிப்போய், உன் பேரைக் கேட்கிறார் என்று சைகையில் சொன்னார். சிப்பாய் இந்தக் கிழவனை மேலும் கீழும் பார்த்தான். தொண்டை ஏறி இறங்கியது. முகம் சுளித்தது. பிறகு தன் பேரைச் சொன்னான், நீளமாக, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிறவன் மாதிரி. ஐயா அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலையசைத்து, வண்டியில் ஏறினார்.

அரைமைல் போனோம்.

“அரை மூட்டை இருக்குமா?” என்றார் ஐயா.

“எதுங்க?”

“நான் உக்காந்திருக்கறது வைக்கோல் இல்லன்னு என் முதுகுக்குத் தெரியாதா? எந்திரிச்சதுலேந்து உன் மூஞ்சி நாக்குக்கடியில எதையோ வச்சிருக்கறவன் மூஞ்சி.”

நான் சேலைக் கதையைச் சொன்னேன். அம்மா, “மொதல்லயே சொல்லியிருந்தா நான் நல்லாப் பரத்திப் போட்டு உக்காந்திருப்பேன். ஒரு பக்கமா இடுப்பு போச்சு” என்றார்.

டின்னைப் பற்றி நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. பள்ளத்தில் ஒதுக்கிக்கொண்டேன். பழக்கம்.

அடிவாரத்தில் மீன்காரர் காத்திருந்தார். அரிசி போயிற்று, சாரோங் இரண்டும் வைக்கோலுக்கடியில் வந்தன. அம்மா காட்டுக்குள் போனார். அருவி ஒன்றும் பிரமாதமில்லை. மழையில்லாத மாதம், பாறைமேல் பின்னல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு பெரிய மரத்தின் முன்னால் போய் நின்றார். பட்டையைக் கையால் தொட்டார். கத்திபட்ட தழும்பில்லாத மரத்தை அவ்வளவு கிட்டத்தில் நானும் அன்றுதான் பார்த்தேன்.

“என்ன மரம்?” என்றார் ஐயா.

“கேக்காதீங்க” என்றார் அம்மா.

அப்புறம் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைப் பிரித்தோம். கிளை முறிகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் எழுந்து நின்றேன். அங்கே துப்பாக்கியோடு யாரும் வரவில்லை. ஒரு குரங்கு வந்து என் கிழங்கை எடுத்துக்கொண்டு போயிற்று. “இதப் பாக்கவா துரைசானி தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டுப் போனா?” என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தார். அவர் முகத்தில் குறை ஒன்றும் இல்லை. வெயில் சாயும்வரை எழுந்திருக்கவும் இல்லை. பொழுது போவதற்குள் பாலம் தாண்டவேண்டும் என்று நான்தான் நச்சரித்துக் கிளப்பினேன்.

திரும்பும்போது பாலத்தில் வேறு சிப்பாய். மாத்தா எங்களைப் பார்த்ததும் போங்கள் போங்கள் என்று கண்ணால் சொன்னார். நான் மாட்டைத் தட்டினேன்.

“நிறுத்து” என்றார் ஐயா.

எனக்குப் புரிந்துவிட்டது. “வேணாங்க ஐயா. ஒரு வேளை குடுத்தாச்சு. போதும்.”

“அரைகுறையா கொய்னா குடுக்கறதுக்கு, குடுக்காமலே போயிருக்கலாம். காய்ச்சல் பதுங்கிட்டு திரும்ப வரும்.” சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“தொடங்கினது நீங்க. முடிச்சிட்டு வாங்க” என்றார் அம்மா.

ஐயா, காலையில் நின்றவன் படுத்துக்கிடந்த காவல் குடிசைக்குள் போனார். புதுச் சிப்பாய் வண்டியைச் சுற்றிவந்தான். சாரோங்குகளின்மேல் அம்மா இந்தத் தடவை நன்றாகப் பரத்திப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்தே நின்றேன். குடிசைக்குள்ளிருந்து அந்த நீளமான பேர், ஐயா கேட்பதற்கு முன்பே, பலவீனமாகக் கேட்டது. ஐயா வெறும் புட்டியோடு வெளியே வந்தார். மிச்ச மாத்திரைகளை மாத்தாவிடம் கொடுத்து, எந்த வேளைக்கு எத்தனை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

பத்து நாள் கழித்து அம்மாவுக்குக் குளிர் வந்தது.

முதல் நாள் கேள்விப்பட்டபோது, டின்னில் இருப்பது கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், என் மனைவிக்கு வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் என் மனைவியும் அவள் அக்காளும், ஆளுக்கொரு புது சாரோங்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில், அம்மாவைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்த மனைவி, “ஆளத் தெரியல அவங்களுக்கு. ஐயா பக்கத்துல வெறும் புட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு” என்றாள்.

நான் கொட்டகைக் கூரையில் கையை விட்டேன்.

மத்தியான நேரம். டின்னை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். வழியில் ஒரு ஜப்பான்காரனும் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். என் பயமெல்லாம் ஐயாவின் முகத்துக்குத்தான். ஜப்பான்காரனுக்கு அல்ல.

ஐயா டின்னைத் திறந்தார். உள்ளே மங்கிப்போய், மூலை கரைந்து, அமுங்கிக் கிடந்த வருஷக்கணக்கான மாத்திரைகள். ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தார். கசந்தது போலிருக்கிறது, முகம் மலர்ந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வாயத் தொற.”

திறந்தேன். வெளிச்சத்துப் பக்கம் என் தலையைத் திருப்பி, விரலால் கன்னத்தை ஒதுக்கி, வெகுநேரம் பார்த்தார். அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்ததும் விரல் நின்றது.

“முப்பது வருசத்துல ஒரே ஒரு ஓட்டை” என்றார். அவர் கண்ணாடி ஈரமாயிற்று. “படவா.”

அம்மாவைத் தூக்கி மடியில் சாய்த்து, மாத்திரையை வாயில் வைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டார். வழிந்ததைத் துடைத்தார். நான் வாசலில் நின்றேன். அவரும் நானும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“முழுங்கிட்டியா? பேரைச் சொல்லு” என்றார் ஐயா.

அம்மாவின் கன்னத்தைத் தட்டினார்.

“இந்தா, பேரைச் சொல்லு.”

அம்மாவின் உதடு அசைந்தது. முப்பது வருஷத்தில் யார் கேட்டாலும், துரையே கேட்டாலும், “வீட்டுக்காரரு” என்பதற்கு மேல் சொல்லாத அம்மா, கண்ணைத் திறக்காமல் ஐயாவின் பேரைச் சொன்னார். சுத்தமாக, ஒரு எழுத்துக்கூடக் குழறாமல்.

ஐயா இரண்டாவது தடவை கேட்கவில்லை. அடுத்த மாத்திரையை எடுத்து, கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

அம்மா பிழைத்தார். சண்டை ஓய்ந்தபிறகு ஒருமுறை பகாங் வரைக்கும் போய் அந்தப் பெரிய காட்டையும் பார்த்துவிட்டு வந்து, ஜெராய் மரத்துக்கு அது ஈடில்லை என்றார்கள் இருவரும். ஐயாவின் பேர் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அம்மா சொன்னதைக் கேட்டபிறகு அதை நான் எழுதினால், கடைவாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு சொன்னதுபோலத்தான் இருக்கும்.